வம்சப் பட்டியல் வரலாறு ஆகாது

நமது இலக்கிய வட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஆதங்கம் ஒன்றுண்டு. வெள்ளையர்கள் பத்துத் தலைமுறைக்கு முந்தைய பாட்டனின் பெயரையும், அவன் ஏறிய கப்பலையும், கரையிறங்கிய தேதியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கோ கொள்ளுத் தாத்தாவைத் தாண்டினால் இருட்டு. ஆகவே வரலாற்றுணர்வு அவர்களுடைய சொத்து, நமக்கு வாய்த்தது புராணம் மட்டுமே என்பதுதான் அது. இந்த ஆதங்கத்திற்குத் தவறாமல் எடுத்துக்காட்டாக நிறுத்தப்படுபவை, 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நிலப்பகுதிகளிலிருந்து காலனிய அமெரிக்காவுக்குச் சென்ற குடும்பங்களின் வம்ச வரலாறுகள். தாய்நாட்டுத் திருச்சபைப் பதிவேடு முதல் பென்சில்வேனியக் கல்லறை வரை தடம் பிடித்து வந்த அந்த நூல்களை வியப்பது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது.

நாம் இவ்வியப்பில் பங்குகொள்ள மறுக்கிறோம். அந்நூல்களில் பெரும்பாலானவை வரலாற்றின் உடையணிந்த புராணங்களே என்பது நமது துணிபு. அதைவிட முக்கியமாக, அவை தாம் போற்றுவதாகச் சொல்லும் முன்னோருக்கே அநீதி இழைக்கின்றன என்றும் கருதுகிறோம். இதை வெறும் வசையாக விட்டுவிடாமல் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு காட்டுவதே முறை.

முதலில், இக்கதைகள் வார்க்கப்படும் அச்சைப் பார்த்துவிடலாம். தொடக்கத்தில் ஒரு வீரப் பிரபு, அல்லது குறைந்தபட்சம் ஒரு குலச் சின்னம். பிறகு சமயத்திற்காகத் துன்புறுத்தப்படும் ஒரு பக்தன். பிறகு கொந்தளிக்கும் கடல், அதற்கப்பால் ஆளரவமற்ற காடு, கோடரி, மரவீடு. முடிவில் ஒரு படைத்தலைவரோ, கோடீசுவரரோ, ஜனாதிபதியோ. 1741இல் பிலடெல்பியாவில் இறங்கிய ஐசன்ஹாவர் குடும்பம் வெள்ளை மாளிகையில் ஐசன்ஹோவராக முடிந்தது உண்மை. ஆனால் முடிவு தெரிந்த பிறகு தொடக்கத்தை எழுதுகிறவன், அந்த முடிவுக்குத் தகுந்த தொடக்கத்தைத் தேடுகிறான். ரைன் நதிக்கரையின் நொய்வீட் வட்டாரத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த ராக்ஃபெல்லர்களை, பிரெஞ்சுப் பிரபுக் குடும்பம் ஒன்றுடன் கொண்டுபோய் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. செல்வர்களுக்குப் பரம்பரை எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த குஸ்டாவ் ஆஞ்சூ என்பவர், இல்லாத உயில்களையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் உருவாக்கியது பின்னாளில் வெளிப்பட்டது. அந்த ஆஞ்சூ என்ற குடும்பப் பெயரே அவர் தாமாகச் சூடிக்கொண்டது. 1942இல் அவர் இறந்துவிட்டார். அவர் கட்டிய வம்சாவளிகள் இறக்கவில்லை. ஒரு நூலிலிருந்து மறு நூலுக்கு, அதிலிருந்து கணினித் தரவுத்தளங்களுக்கு என்று பிரதியெடுக்கப்பட்டே வருகின்றன. ஆயிரம் பேர் பிரதியெடுத்த பொய்யை ஆயிரம் சான்று கொண்ட உண்மையாக எண்ணும் மயக்கம் இத்துறையின் தீராத நோய்.

இனி நாம் சொன்ன குடும்பம். வைசர் குடும்பம்.

யோஹான் கான்ராட் வைசர், வூர்ட்டம்பெர்க் நாட்டின் குரோஸ் ஆஸ்பாக் என்ற ஊரில் ரொட்டி சுடுபவர். முன்பு குதிரைப் படையில் சிற்றதிகாரியாக இருந்தவர். 1709 மே மாதம் அவர் மனைவி இறந்தார். அடுத்த மாதமே எட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார். மணமாகியிருந்த ஒரு மகள் ஊரிலேயே தங்கிவிட்டாள். அந்த ஆண்டு ரைன் வழியாக இறங்கி லண்டனை அடைந்தவர்கள் ஏறத்தாழ 13,000 பேர். ஆங்கிலேயர் அவர்கள் அனைவரையும் 'பலட்டைன்கள்' என்றே அழைத்தனர். லண்டனுக்கு வெளியே பிளாக்ஹீத் முதலிய திடல்களில் கூடாரமடித்துக் கிடந்த அவர்களை வேடிக்கை பார்க்க நகரமே வந்தது.

அச்சில் வார்த்த கதை இங்கேயே உடையத் தொடங்குகிறது. இவர்கள் கத்தோலிக்கக் கொடுங்கோன்மையிலிருந்து தப்பிய புராட்டஸ்டன்ட் அகதிகள் என்று அப்போது லண்டனில் பிரசாரம் நடந்தது. இன்றும் குடும்ப வரலாறுகள் அதையே திருப்பிச் சொல்கின்றன. வைசர்களோ பலட்டினேட்டைச் சேர்ந்தவர்களே அல்லர். அவர்களை ஆண்ட வூர்ட்டம்பெர்க் கோமகன் அவர்களைப் போலவே லூத்தரன். லண்டனில் குவிந்த கூட்டத்தில் கத்தோலிக்கர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர்; மதம் மாற மறுத்தவர்களை ஆங்கில அரசு திருப்பி அனுப்பியது. மக்களைக் கிளப்பியவை வேறு. பிரெஞ்சுப் படைகள் மீண்டும் மீண்டும் எரித்துப்போட்ட நிலம், ஓயாத போர்வரி, பறவைகள் பறக்கையிலேயே விறைத்து விழுந்ததாகப் பேசப்பட்ட 1709இன் குளிர்காலம், இவற்றோடு, கரோலினாவைப் பொன்விளையும் பூமியாக வருணித்த யோசுவா கோக்கர்தால் என்ற போதகரின் சிறு நூல். வரலாற்றாய்வாளர் பிலிப் ஆட்டர்னஸ் 2004இல் வெளியிட்ட நூலில் காட்டுவது போல, இவர்கள் புறப்படும்போது ஜெர்மானியர்களாகவும் இல்லை, பலட்டைன்களாகவும் இல்லை. அவரவர் ஊர்க்காரர்களாக இருந்தார்கள். ஜெர்மனி என்ற அரசு உருவானதே 1871இல்தான். 'எமது ஜெர்மன் முன்னோர்' என்ற தொடரிலேயே பேரன் தன் காலத்தைப் பாட்டன்மேல் ஏற்றிவிடுகிறான்.

வைசர்கள் உட்பட ஏறத்தாழ 3,000 பேரை ஆங்கில அரசு நியூயார்க்குக்கு அனுப்பியது. தர்மம் அன்று. ஹட்சன் நதிக்கரையின் பைன் மரங்களிலிருந்து ஆங்கிலக் கடற்படைக்குத் தார் காய்ச்சித் தந்து, உணவுச் செலவையும் பயணச் செலவையும் உழைத்துக் கழிக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். கடற்பயணத்திலும் இறங்கிய சில வாரங்களிலும் 400க்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் மடிந்தனர். வைசரின் கடைசி மகனுக்கு ஆறு வயது. அவனும் புதிய மண்ணில் இறந்து புதைக்கப்பட்டான். வேறு இரண்டு மகன்களை ஆளுநர் ராபர்ட் ஹன்டர் பிறர் வீட்டு வேலைக்கு ஒப்பந்தம் எழுதி லாங் ஐலண்டுக்கு அனுப்பினார். இப்படிப் பிரித்தனுப்பப்பட்ட பிள்ளைகளின் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் கடலில் தந்தையை இழந்த ஒரு சிறுவன், அச்சுக்கூடத்துக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டவன், யோஹான் பீட்டர் செங்கர். 1735இல் அவதூறு வழக்கில் விடுதலை பெற்று, பத்திரிகைச் சுதந்திரத்தின் சின்னமாகிவிட்டதால் செங்கரின் பெயரை எல்லோரும் அறிவர். அதே பட்டியலின் மற்றப் பிள்ளைகளைத் தங்கள் பாட்டனாக உரிமை கொண்டாட எவரும் முண்டியடிப்பதில்லை.

தார் காய்ச்சும் திட்டம் தோற்றது. 1712இல் ஹன்டர் உணவு வழங்குவதை நிறுத்தினார். பட்டினி நேர்ந்தபோது அவர்கள் ஸ்கோஹாரி பள்ளத்தாக்குக்குக் கிளம்பினார்கள். இங்குதான் மிக அழகான கதை ஒன்று பிறந்தது. லண்டனுக்கு வந்திருந்த நான்கு 'இந்திய அரசர்கள்' பிளாக்ஹீத் கூடாரங்களைக் கண்டு மனமிரங்கி, ஸ்கோஹாரியை இவ்வேழைகளுக்கென ஆன் ராணியிடம் அளித்தார்கள் என்பது அக்கதை. பூர்வகுடிகள் தாமாகக் கொடுத்த நிலம். அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? ஆனால் நியூயார்க்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 1709 டிசம்பரிலேயே கப்பலேற்றப்பட்டுவிட்டனர். அந்த நால்வர் ராணியைச் சந்தித்தது 1710 ஏப்ரலில். கூடாரத்தில் இல்லாதவர்களைப் பார்த்து அவர்கள் இரங்கியிருக்க இயலாது. இந்த எளிய தேதிக் கணக்கைச் செய்துபார்க்காமல் எத்தனையோ குடும்ப நூல்கள் இக்கதையை அப்படியே அச்சிட்டிருக்கின்றன. வரலாற்றுணர்வு என்று நாம் வியப்பது இதைத்தானா?

1712-13 குளிர்காலத்தில் தந்தை வைசர், தன் பெயரையே தாங்கிய பதினாறு வயது மகன் கான்ராடை மோஹாக் மக்களிடம் மொழி கற்க அனுப்பினார். குளிரிலும் பசியிலும் எட்டு மாதம் கழித்துக் கற்ற அம்மொழியே பின்னாளில் அவரைப் பென்சில்வேனியாவின் தலைமை மொழிபெயர்ப்பாளராக்கியது. இந்த மகன் எழுதி வைத்த தன்வரலாற்றுக் குறிப்பே குடும்பத்தைப் பற்றிய முதன்மை ஆவணம். அதில் கொள்ளுப்பாட்டன் ஊர்த்தலைவராக இருந்தது எழுதப்பட்டிருக்கிறது. தன் மனைவியையோ ஆன் ஈவா என்ற முதற்பெயரால் மட்டும் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகிறார். தந்தை பெயரில்லை, ஊரில்லை, குடும்பப் பெயரில்லை. அவருடைய பிள்ளைகளைப் பெற்ற பெண்ணின் பிறந்த வீட்டைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஊகித்தே அறிய வேண்டியிருந்தது. அவர் ஒரு மோஹாக் பெண் என்றுகூட ஒரு கதை உலவிற்று. வம்சம் என்ற சொல் எத்தனை பேரை மறந்தால் நிமிர்ந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இது ஒரு மனிதரின் மறதி மட்டுமன்று. ஆவணங்களின் அமைப்பே அப்படி. 1727 முதல் பென்சில்வேனிய அரசு, வந்திறங்கும் அயலவர்களிடம் ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் வாங்கியது. அந்தப் பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கேயும் 1934இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். ஜெர்மன் வம்ச ஆய்வின் வேதம் அது. பிரமாணம் செய்தவர்கள் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலான பட்டியல்களில் இல்லை. எழுதத் தெரியாதவர் கீறிய குறிக்குப் பக்கத்தில், ஜெர்மன் அறியாத எழுத்தர் தன் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார். ஹூபர் ஹூவரானார், ஃபுக்ஸ் ஃபாக்ஸ் ஆனார், சிம்மர்மான் கார்ப்பெண்டராக மொழிபெயர்க்கப்பட்டார். ஒரே வீட்டில் மூன்று மகன்களுக்கும் ஞானஸ்நானத்தில் முதற்பெயர் யோஹான். அழைக்கும் பெயர் இரண்டாவது. இந்த வழக்கம் அறியாத பேரப்பிள்ளைகள், அகப்பட்ட முதல் யோஹானைப் பிடித்துப் பாட்டனாக்கிக்கொள்கிறார்கள்.

பட்டியல் சொல்லாத இன்னொன்று, பயணக் கட்டணம் செலுத்த இயலாதவர்களின் கதி. வாங்குபவர் வந்து கடனைத் தீர்க்கும் வரை அவர்கள் கப்பலைவிட்டு இறங்க முடியாது. பெரியவர்கள் சில ஆண்டுகளுக்கும், பிள்ளைகள் 21 வயது வரைக்கும் உழைப்பை எழுதிக் கொடுத்தனர். 1750இல் பென்சில்வேனியா சென்று 1754இல் திரும்பிய காட்லீப் மிட்டல்பெர்கர், பெற்றோர் பிள்ளைகளை விற்று இறங்கியதையும், பாதிக் கடல் தாண்டிய பின் இறந்த உறவினரின் கட்டணத்தையும் உயிரோடிருப்பவர் உழைத்துக் கழிக்க நேர்ந்ததையும் எழுதியிருக்கிறார். குடியேற்றத்தைத் தடுக்கும் நோக்கத்துடன் எழுதப்பட்ட நூல் அது என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் இந்த விற்பனை முறை நடந்ததற்கு அக்காலச் செய்தித்தாள் விளம்பரங்களே சாட்சி. குடும்ப நூல்களிலோ முன்னோர் எப்போதும் 'சுதந்திரம் தேடி வந்து' இறங்குகிறார்கள், விலைபேசப்பட்டு இறங்குவதில்லை.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி. 1745இல் கான்ராட் வைசரின் மகளை மணந்தவர் ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் என்ற லூத்தரன் போதகர். 1742இல் அவரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது ஹாலே நகரின் பிராங்கே நிறுவனம். அதே ஹாலேயில் பயின்றவர்தான் 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்க். தரங்கம்பாடிக் கடிதங்களை 1710 முதல் தொடர்ந்து அச்சிட்ட ஹாலே, மூலன்பெர்க்கின் கடிதங்களையும் அச்சிட்டது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்று: நன்கொடையாளர்களின் பக்தியை வளர்ப்பது. அதற்கேற்பக் கடிதங்கள் வெட்டப்பட்டன, செப்பனிடப்பட்டன. தரங்கம்பாடி அறிக்கைகளைப் படிக்கையில், இதில் தமிழர் குரல் எவ்வளவு, ஹாலேயின் கத்தரிக்கோல் எவ்வளவு என்று கேட்கப் பழகிவிட்டோம். அதே கத்தரிக்கோலின் வழியாகவே பென்சில்வேனியக் குடியேறிகளும் வந்திருக்கிறார்கள். நம்மைப் பற்றிய அறிக்கையை ஐயத்துடனும், அவர்களைப் பற்றிய அறிக்கையை வணக்கத்துடனும் படிப்பது என்ன நியாயம்?

மூலன்பெர்க்கின் மகன், அதாவது வைசரின் பேரன், ஃபிரடெரிக் 1789இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் அவைத்தலைவரானார். அவர் போட்ட ஒரே வாக்கினால் ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழியாகும் வாய்ப்பு பறிபோயிற்று என்ற கதை ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இன்றுவரை சொல்லப்படுகிறது. நடந்தது இவ்வளவே: சட்டங்களை ஜெர்மனிலும் அச்சிட வேண்டுமென்று வர்ஜீனியாவின் ஜெர்மானியர்கள் 1794இல் மனுச் செய்தனர், அடுத்த ஆண்டு அதன் தொடர்பான ஒரு நடைமுறைத் தீர்மானம் 42க்கு 41 என்று தோற்றது. ஆட்சிமொழி பற்றி எவரும் பேசவேயில்லை.

இனி, வம்ச நூல்கள் அறவே தொடாத இடம். 'ஆளரவமற்ற காடு' யாருடைய நிலம்? 1737இல் பென் குடும்பத்தார், ஒன்றரை நாளில் ஒருவன் நடக்கும் தூரம் என்று காட்டப்பட்ட ஒரு பழைய பத்திரத்தைக் கொண்டு, வேகமாக ஓடக்கூடியவர்களை அமர்த்தி லெனாப்பே மக்களின் நிலத்தைச் சுருட்டிக்கொண்டனர். 1742இல் பிலடெல்பியாவில் இரோகுவா தலைவர் கனசட்டேகோ, லெனாப்பேக்களை அந்நிலத்தைவிட்டு வெளியேறும்படி அவையில் கடிந்துரைத்தபோது மொழிபெயர்ப்பாளராக நின்றவர் கான்ராட் வைசர். இரோகுவாக்களுடன் கைகோத்து லெனாப்பேக்களை ஓரங்கட்டும் கொள்கையை வளர்த்ததில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. 1754இல் மேலும் பெரும் நிலத்தை இரோகுவாக்களிடமிருந்து வாங்கித் தந்தவரும் அவரே. 1755 அக்டோபரில் பென்ஸ் கிரீக் ஓடைக்கரையில் லெனாப்பே வீரர்கள் தாக்கியபோது கொல்லப்பட்டவர்களும் சிறைபிடிக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் ஜெர்மன் மொழிக் குடியேறிகள். அந்தத் தாக்குதல் எல்லாக் குடும்ப நூல்களிலும் உண்டு. அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகள் இல்லை. தனது பத்தாம் பாட்டன் வந்த தேதியை அறிந்தவன், அந்த நிலத்தைவிட்டு எவருடைய பாட்டன் போனான் என்று கேட்கவில்லை என்றால் அவனுடையது அரைகுறை நினைவாற்றல்.

பழங்கதைக்கு இத்தனை சினம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வம்சப் பட்டியல் என்றும் வெறும் பழங்கதையாக இருந்ததில்லை. 1751இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், இந்தப் பலட்டைன்கள் பென்சில்வேனியாவை அயலவர் காலனியாக்கிவிடுவார்கள், நம் மொழியைக் கற்கமாட்டார்கள் என்று எழுதினார். அந்த 'அயலவரின்' சந்ததிகள், பின்னாளில் கரைசேர்ந்தவர்களைப் பார்த்து அதையே சொல்லத் தங்கள் கப்பல் பட்டியலை ஆதாரமாகக் காட்டினார்கள். இதைவிடக் கொடிது தாய்நாட்டில் நடந்தது. 1933க்குப் பின் ஜெர்மனியில் அரசுப் பணிக்கே பாட்டன் பாட்டியின் ஞானஸ்நானச் சான்று கேட்கப்பட்டது; எஸ்.எஸ். அதிகாரியாக விரும்பியவன் 1750 வரை யூத ரத்தமின்மையை நிறுவவேண்டும். திருச்சபைப் பதிவேடுகளிலிருந்து கிராமம் கிராமமாகக் குடும்ப நூல்கள் தொகுக்கும் திட்டம் 1937இல் வேகம் பெற்றது இந்த இனவெறியின் நிழலில்தான். வம்ச ஆய்வாளர் இன்று ஆவலுடன் புரட்டும் அதே பதிவேடு ஒரு காலத்தில் எவரை உயிரோடு விடுவது என்று தீர்மானித்தது. கருவி குற்றமற்றது என்று சொல்லிக் கடந்துவிட நம்மால் இயலவில்லை.

முன்னோரைத் தேடும் எளிய மனிதரின் ஆவலை நாம் இகழவில்லை. அந்தத் தேடலை நேர்மையாகச் செய்தவர்களும் உண்டு. நியூயார்க் பலட்டைன் குடும்பங்களைப் பற்றி 1985இல் பெருநூல் வெளியிட்ட ஹென்றி ஜோன்ஸும், கிரைக்காவ் முதலிய பகுதிகளிலிருந்து சென்றோரை ஆராய்ந்த அனெட் பர்கர்ட்டும் பெயரொற்றுமையை நம்பவில்லை. ஒரே ஊரார் கூட்டமாகவே கிளம்பினர், குழந்தைக்கு ஞானத்தாய் தந்தையாகப் பழைய ஊர்க்காரரையே நிறுத்தினர் என்பதைக் கண்டு, ஒரு குடும்பத்தை அதன் அக்கம்பக்கத்தாருடன் சேர்த்தே தேடினர். பதிவேடு நின்ற இடத்தில் தாமும் நின்றனர். இந்த நிற்றலுக்கே நாம் மரியாதை செய்கிறோம்.

ஆகவே நமது நண்பர்களுக்குச் சொல்வது: பத்துத் தலைமுறைப் பெயர்களை அடுக்கிச் சொல்லத் தெரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். அப்படி அடுக்கப்பட்ட நூல் ஒன்று அடுத்தமுறை உங்கள் கைக்கு வந்தால், மொழிபெயர்க்கத் துணியுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஊரிலேயே தங்கிய மகள் என்ன ஆனாள்? லாங் ஐலண்டுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களை யார் வைத்திருந்தார்கள்? ஆன் ஈவாவின் தந்தை யார்? அந்த நிலத்தில் முன்பு சோளம் விதைத்தவர் யார்? இவற்றுக்கு விடையுள்ள நூலோ, விடையில்லை என்று ஒப்புக்கொள்ளும் நூலோ கிடைத்தால் அதை வரலாறு என்று நாமும் கொண்டாடுவோம். மற்றவற்றை அந்தந்தக் குடும்பத்தாரின் ஆண்டுவிழாப் பந்தலிலேயே விட்டுவிடலாம்.